ராசியில்லாதவள்

"ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. கிளம்பு ஓக்சுன்!"

பூசான் நகரத்து டொக்சூவுக்கு பேஸ்பால்தான் உயிர். இந்த சீசனின் முதல் ஆட்டத்தை மனைவி ஓக்சுனோடு உட்கார்ந்து பார்த்தான், அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தின்போது அவள் கடைக்குப் போயிருந்தாள், அணி ஜெயித்தது. அன்றோடு முடிவு கட்டிவிட்டான்.

"மழை கொட்டுதுங்க. அடுப்படியிலயே இருந்துக்கறேனே?"

"சத்தம் உன் காதுல விழுந்தாலே போச்சு! உன் ராசி அப்படி. குடையை எடுத்துக்கிட்டுப் போ."

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்படித்தான் போவாள். ஆட்டம் முடிந்ததும் வருவாள். அணியும் ஜெயித்துக்கொண்டே வந்து, இன்று சாம்பியன் ஆகிவிட்டது.

டொக்சூவுக்குத் தலைகால் புரியவில்லை. 'பார்த்தியா, என் பேச்சைக் கேட்டதாலதானே!' என்று சொல்ல, அணியின் தொப்பியோடு அவளைத் தேடி இறங்கினான். அடுத்த தெரு கோழி வறுவல் கடையில் ஒரே கூச்சல். கூட்டத்தின் நடுவே தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தாள் ஓக்சுன்.

"நீ... ஆட்டம் பார்த்தியா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க?" என்றாள் கடைக்காரம்மா. "சீசன் பூரா ஒண்ணு விடலையே! அக்கா உக்காந்து பாத்தாதான் நம்ம டீம் ஜெயிக்கும். டிவிக்கு நேரா இருக்கற நாற்காலில வேற யாரையும் உக்கார விடமாட்டோம். ஆமா, நீங்க யாரு?"

"இவ புருஷன்."

"அட, நீங்கதானா அது! உங்களுக்கு பேஸ்பால்னாலே பிடிக்காதாமே? அதனாலதான் இங்க வந்து பாக்கறேன்னு அக்கா சொல்லுச்சு."

ஓக்சுன் தலையைக் குனிந்துகொண்டாள்.

டொக்சூ தொப்பியை மெல்லக் கழற்றி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.