மூன்றாவது சரணம்

தானாக ஒலியைச் சமன்செய்யும் மென்பொருள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நாக்ஸ்வில் நகரில் என் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் அதற்கு எடுபிடி வேலைதான். பாடுகிறவர் 'ஸ்' என்று சீறும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் ஒலியைத் தணிக்கும்; அப்போதெல்லாம் திரையில் ஒரு கோடு இறங்கும். நான் சரிபார்ப்பேன்.

கிதார் வாசிக்கும் கார்லண்ட் கொண்டுவந்த பாட்டில் குரலே இல்லை. பாட வேண்டிய அவர் மனைவி நோரீன், ஒலிப்பதிவுக்கு முந்தைய வாரம் இறந்துவிட்டாள். வெறும் கிதாரும் ஃபிடிலும்தான். ஆனாலும் மென்பொருள் முப்பத்தொரு இடங்களில் சீறலைத் தணித்திருந்தது.

"ஏம்ப்பா, என் கிதார் என்ன பாம்பா, சீறுறதுக்கு?" என்று சிரித்தார் கார்லண்ட்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அதே முப்பத்தொன்று.

கார்லண்ட் சிரிப்பதை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து நோரீன் கைப்பட எழுதிய பாட்டுத் தாளை எடுத்து, இசையோடு சேர்த்து வரிகளின் மேல் விரலை ஓட்டினார். திரையில் கோடு இறங்கிய ஒவ்வொரு முறையும் அவர் விரல் ஒரு 'ஸ்' மேல் இருந்தது. இருபத்திரண்டோடு தாள் முடிந்தது. இசை முடியவில்லை.

"மூணாவது சரணத்துக்கு இடம் விட்டுத்தான் வாசிச்சோம்," என்றார். "அவ அதை எழுதவே இல்லப்பா."

திரையில் கோடு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது.

கார்லண்ட் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு என் பேனாவை எடுத்தார்.

"அந்த இடத்துலேருந்து திரும்பப் போடு. மெதுவாப் போடுப்பா, அவ சொல்லச் சொல்ல எழுதணும்."