வாடகை வளவில் மூன்று தென்னம்பிள்ளை

பஸ்ஸில் வந்து இறங்கிய சிற்றம்பலம் படலையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா அன்னபாக்கியத்தின் வீட்டு வளவுக்குள், வாடகைக்கு விட்டிருந்த சின்ன வீட்டுக்கு முன்னால், மூன்று தென்னம்பிள்ளைகள் நின்றன. புதிதாக வைத்தவை. அடியில் தண்ணீர் ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை.

"அக்கா! இதை ஆர் வைச்சது?"

"புனிதம்தான். வா, முதல்லை கையைக் காலைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு."

புனிதம், அந்தச் சின்ன வீட்டில் குடியிருப்பவள். போன மார்கழிப் புயலில் முல்லைத்தீவுக் கரையில் இருந்த வீடும் வள்ளமும் போக, புருஷன் யாக்கோப்போடு தண்ணீரூற்று என்ற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள். யாக்கோப்பு இப்போது சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கிறான்.

சிற்றம்பலத்துக்கு வவுனியாவில் நாலைந்து வாடகை வீடுகள். அதைப் பற்றிப் பேச வாய் திறந்தால் லேசில் மூடமாட்டார். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பாடம் நடக்கும். கூரையைக் காலத்துக்கு வேய்ந்து கொடுக்க வேண்டும், ஒழுகினால் அதைச் சாட்டியே வாடகையை நிறுத்திவிடுவார்கள். குடியிருப்பவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, பிறகு முகத்தை முறித்து ஒன்றும் கேட்க முடியாது. அவர்கள் தரும் எதையும் வாங்கவும் கூடாது. அன்னபாக்கியம் எல்லாவற்றுக்கும் "ஓம் தம்பி" என்று தலையாட்டுவார்.

சோற்றைப் பிசைந்தபடியே சிற்றம்பலம் பாடத்தைத் தொடங்கினார்.

"போன மாசம் வந்தபோது படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லோ? என்ன சொன்னனான்?"

"குடியிருக்கிறவையை மரம் வைக்க விடக் கூடாது எண்டனி."

"ஏன் அப்பிடிச் சொன்னனான்?"

"வைச்சவை மரத்துக்குப் பங்கு கேப்பினம். பிறகு ஆக்களை வீட்டை விட்டு லேசிலை எழுப்பேலாது."

"எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறியள், செய்யிறதுதான் இல்லை!" சிற்றம்பலம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "என்ரை வீட்டிலை குடியிருக்கிற ஒராளை எலுமிச்சங்கண்டு ஒண்டை வைக்க விட்டுப்போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இண்டைக்கும் அந்த ஆள் எழும்பேல்லை. அது கிடக்கட்டும், இந்த மீன் குழம்பு அந்தமாதிரி இருக்கு. எங்கை வாங்கினது?"

"யாக்கோப்புத் தந்தது."

சிற்றம்பலத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு, சமைத்ததை வீணாக்கக் கூடாதே என்று இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

"அக்கா, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதையுங்கோ. உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. உங்களுக்குப் பிறகு இந்த வளவு என்ரை கைக்குத்தான் வரும். அண்டைக்கு நான் இவையளை எழுப்பிப்போட்டு, றோட்டுக்கரையிலை ரெண்டு கடை கட்ட வேண்டாமே? தென்னை நிண்டால் வழக்குப் பேசிக் கோட்டுக்கெல்லோ அலைய வேணும்!"

"அப்ப கோட்டுக்குப் போறதுக்கு மூண்டு தென்னை காணுமோ?"

"மூண்டோ? ஒண்டே காணும்!"

"ஓகோ," என்று சொல்லி அன்னபாக்கியம் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிய சிற்றம்பலம் சும்மா இருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே சின்ன வீட்டு முற்றத்துக்குப் போனார். இரண்டு தென்னம்பிள்ளைகளைக் கிளப்பிப் போட்ட நேரம், கிணற்றடியில் இருந்து புனிதம் வாளியோடு வந்தாள்.

"ஐயா... ஐயா, வேண்டாம்!" வாளியை அப்படியே கீழே வைத்தாள். "புயலுக்குப் பிறகு நாங்கள் நிலத்திலை வைச்ச முதல் மரம் ஐயா."

"நிலம் ஆரின்ரை எண்டு யோசிச்சு வைச்சிருக்க வேணும்," என்று சொல்லி மூன்றாவதையும் கிளப்பினார். புனிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அன்னபாக்கியம் வெளியே வந்தார்.

"ஆரைக் கேட்டுத் தம்பி புடுங்கினனி?"

"இவ்வளவு சொல்லியும் உங்களுக்கு விளங்கேல்லையே அக்கா?"

"நல்லா விளங்கினது. அதாலைதான் போன மாசம் நீ பஸ் ஏறின கையோடை, நான் போய் இந்தத் தென்னம்பிள்ளையளை வாங்கியந்தனான். மாட்டன் மாட்டன் எண்டு நிண்ட புனிதத்தை, நான்தான் நட வைச்சனான்."

சிற்றம்பலம் மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஏன் அக்கா?"

"நான் இருக்குமட்டும் இவையளை ஆரும் எழுப்பமாட்டினம். எனக்குப் பிறகு வாற ஆளை நினைச்சுத்தான் பயம்."

அன்னபாக்கியம் கோபித்துச் சொல்லவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதுதான் சிற்றம்பலத்துக்குச் சுட்டது. வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று தட்டிவிடவும் வழியில்லை. அந்த வீட்டு மீன் இன்னும் கையில் மணத்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"என்னிலைதான் பிழை," என்று முணுமுணுத்தபடி குந்தி, ஒரு தென்னம்பிள்ளையை எடுத்துக் குழிக்குள் இறக்கப் போனார்.

"விடு, விடு! அதைத் தொடாதை!" அன்னபாக்கியம் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நீ நட்டால் பங்கு உனக்கெல்லோ வந்திடும்? புனிதம், நீ வந்து உன்ரை கையாலை நடு. தம்பி, நீ வேணுமெண்டால் தண்ணி அள்ளி ஊத்து. ஊத்தினவைக்குப் பங்கில்லை."