கண்டெடுத்தவர் ஒப்படைக்கவும்

"தொலைஞ்சுபோன லேப்டாப்பை ஒப்படைக்க வந்திருக்கேன் மிஸ்."

லொர்னாவின் அறை வாசலில், வரிசையில் முதலில் நின்ற ஏழாம் வகுப்பு மாரென் சிரிக்காமல் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசை சாப்பாட்டுக் கூடம் வரை நீண்டிருந்தது. எல்லார் கையிலும் பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப், எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: 'இது தொலைந்துபோன லேப்டாப். கண்டெடுத்தவர் பள்ளியில் ஒப்படைக்கவும்.'

அந்தப் பள்ளியின் லேப்டாப்புகளைக் கட்டி மேய்ப்பது லொர்னாவின் வேலை. யாராவது ஒன்றைத் தொலைத்துவிட்டால், தன் கணினியில் உட்கார்ந்தபடியே அதைப் பூட்டிவிடுவாள். பூட்டினால் இந்த வாசகம் வரும். ஆனால் இன்று அவள் ஒன்றைக்கூடப் பூட்டவில்லை.

அதுவும் இன்றைக்கென்று பார்த்தா நடக்க வேண்டும்? மினசோட்டாவின் அந்த வடக்கு மூலையில் நாளை முழங்கால் அளவு பனி கொட்டும் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் பனி கொட்டினால் லீவு. லேப்டாப் வந்த பிறகு அந்த லீவுக்கு வேட்டு வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே திரைக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். லேப்டாப் வேலை செய்யாவிட்டால் மட்டும் பழையபடி லீவு.

கல்வி அதிகாரி ஹால்வர் நைகார்ட் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தார்.

"என்ன லொர்னா இது? பஸ் கிளம்புறதுக்குள்ள திறந்துட முடியுமா?"

"ஒவ்வொண்ணா கையில எடுத்துத்தான் திறக்கணும் சார். இன்னைக்கு நடக்கற கதை இல்ல."

"அடடா. அப்ப லீவு விட வேண்டியதுதான். வேற வழி?" என்றவர் ஆபீசுக்குப் போனில் சொல்லிவிட்டு, குனிந்து ஒரு திரையை உற்றுப் பார்த்தார்.

"அவசரத்துல ஸ்வெட்டரைத் திருப்பி மாட்டிட்டீங்களா சார்? லேபிள் வெளிய தெரியுது."

"வயசாகுதில்ல?" என்று சொல்லி மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

லொர்னாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் காவலில் இருந்த லேப்டாப்புகள் மேல் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

"பூட்டுறதுக்கு ஒரே பாஸ்வேர்டுதான் சார். அது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க மெயில்ல ஒரு போட்டோ அனுப்பணும்னாலே நான் மாடி ஏறி வந்து காட்டித் தரணும், அதனால நீங்க இல்ல. அப்ப, நான் டைப் பண்றதை யாரோ பார்த்திருக்காங்க. மத்தியானம் என் ரூமுக்கு வந்தது ஒரே ஆள்தான்." வாசல் பக்கம் திரும்பினாள். "ஏய் மாரென், உள்ள வா!"

மாரென் வந்தாள். பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்த பிறகு, வருகிற சனிக்கிழமைதான் முதல் தடவையாகக் களத்தில் இறங்கப் போகிறாள்.

"டாய்லெட்டுல ஐஸ்கட்டியைக் கொட்டினது யாரு?"

"நாங்கதான் மிஸ்."

"சட்டையை ஏன் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்க?"

"ஐஸைக் கொட்டி, சட்டையையும் இப்படிப் போட்டாத்தான் மிஸ் பனி கொட்டி லீவு கிடைக்கும்னு சொல்வாங்க. எல்லாரும்தான் போட்டிருக்காங்க."

"அது பத்தாதுன்னு லேப்டாப்பையும் பூட்டிட்ட, அப்படித்தானே?"

"ஐயோ மிஸ், அது நான் இல்ல! ஐஸ் போட்டதோட சரி. கீபோர்டுல பால் கொட்டிடுச்சு, அதைக் காட்டத்தான் மத்தியானம் வந்தேன்."

"பால் கொட்டிச்சாம்! நல்லா ஜோடிக்கிற. சனிக்கிழமை மேட்சை மறந்துடு."

மாரெனின் முகம் செத்துவிட்டது. அதே நேரம் ஒலிபெருக்கி கரகரத்து, நாளை பள்ளிக்கு முழு லீவு என்று அறிவித்தது. பள்ளிக்கூடமே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. மாரென் மட்டும் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க லொர்னா," என்றார் ஹால்வர். "ஏதாவது மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் தானா பூட்டாது சார்."

"குழந்தை அழுவுதில்ல?"

"பண்ணும்போது இனிச்சுதில்ல? ஸ்கூல் கணினிக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்சா சீசன் முழுக்க ஆட்டம் கிடையாது. நீங்க போட்ட ரூல்தான் சார் அது."

ஹால்வர் மேசையில் இருந்த ஒரு லேப்டாப்பை மூடினார், மறுபடி திறந்தார்.

"நீ போய் வெளிய நில்லும்மா," என்றார் கடைசியில்.

மாரென் போனதும் லொர்னா போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"ஹாக்கி கோச்சுக்கு. இப்பவே பேரை அடிக்கச் சொல்லிடறேன். இதை இப்படியே விட்டா நாளைக்கு ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க."

அவள் எண்களை அழுத்த ஆரம்பித்தாள். ஹால்வர் ஜன்னல் கண்ணாடி வழியாகத் தாழ்வாரத்தைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்த மாரெனைச் சுற்றி அவள் தோழிகள் நின்றிருந்தார்கள்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ஹால்வர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து போனைத் துண்டித்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தப் பொண்ணை விட்டுடுங்க லொர்னா... பாஸ்வேர்டை மட்டும் மாத்திடாதீங்க, மார்ச்சுலயும் ஒரு பனி வரும்."