நிமர் இழுத்த வயர்கள்

மழை விட்டும் சந்துக்குள் சொட்டுவது நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயும் மின்வயரும் பின்னிக் கிடந்து வானத்தை மறைப்பதால், பெய்ரூட்டின் அந்தப் பாலஸ்தீன முகாமில் உச்சிவேளையும் அந்தி மாதிரிதான் இருக்கிறது. நிமரின் உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துச் சுமந்து வருகிறார்கள். பக்கவாட்டில் ஆள் நடக்க இடமில்லை; முன்னும் பின்னும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கித்தான் வரவேண்டும். எஞ்சினியருக்குப் படித்தவன். இந்த நாடு பாலஸ்தீனனுக்கு அந்த வேலையைத் தராது. முகாமுக்குள்ளேயே வயர் இழுத்துப் பிழைத்தான். நேற்று ஈர வயர் ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அவன் தாய் சந்து முனையில் நின்று, துடைப்பக் கட்டையால் வயர்களை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். "குடுங்க உம் நிமர், நான் பிடிச்சுக்கறேன்," என்கிறார் பக்கத்து வீட்டு ஸுஹ்தி. உம் நிமர், அதாவது 'நிமரின் தாய்' என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். இன்றும் வேறு பெயரில்லை. அவள் கட்டையை விடவில்லை. சட்டென்று சன்னல்களிலெல்லாம் வெளிச்சம். "கரன்ட் வந்துடுச்சு!" என்று பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சலிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். சந்தூக்கு வயர்களுக்கு நேர்கீழே வந்துவிட்டது.

"தாழ்த்துங்கய்யா, தாழ்த்துங்க," என்று அவள் அலறுகிறாள். "எம்புள்ள மேல பட்டுடப் போவுது!"