உமிச் சாம்பல்

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் செபராங் ஜெயா ஆஸ்பத்திரி டாக்டரின் முகம் மாறியது.

“நெஞ்சு பூரா தூசி. என்ன வேலைண்ணே பாக்குறீங்க?”

“காருக்குப் பிரேக் பேட் செய்யுற பேக்டரி, டாக்டர். எட்டு வருஷமா நெல் உமிச் சாம்பலை அரைச்சுக் கலக்குறேன்,” என்றார் மகள் ராகினியோடு வந்திருந்த விஸ்வலிங்கம்.

“மாஸ்க் போடலையா?”

“முன்னாடி கலந்த அஸ்பெஸ்டாஸ்தான் விஷம், இது வெறும் உமிதானே, மாஸ்க் எதுக்குன்னு எஞ்சினியர் சொன்னாங்க.”

“இந்தத் தூசியும் ஆளைக் கொல்லும்லா! எந்த முட்டாள் எஞ்சினியர்? பேரைச் சொல்லுங்க, நானே கம்ப்ளெய்ன் எழுதுறேன்.”

விஸ்வலிங்கம் நாற்காலியை விட்டு எழப் பார்த்தார்.

“பயப்படாதீங்கண்ணே, வேலை போகாது.”

“பொய் சொல்லிட்டேன் டாக்டர். மாஸ்க் கொடுத்தாங்க. நான்தான் போடல.”

சொல்லிக்கொண்டே, மகளின் கழுத்தில் தொங்கிய அதே பேக்டரியின் அடையாள அட்டையை, ‘எஞ்சினியர்’ என்ற எழுத்து தெரியாதபடி மெல்லத் திருப்பிவிட்டார்.