அவளுக்கு மட்டும் வராத காய்ச்சல்

ஆய்வகத்தில் செயற்கையாகக் கோத்த புரதத் துணுக்குகளால் அவள் உருவாக்கிய மலேரியா தடுப்பூசி மறுபடியும் காலை வாரியது. ஊசி போட்டுக்கொண்டு, கிருமி சுமந்த கொசுக்களிடம் அவளோடு கை நீட்டிய விஞ்ஞானிகள் எல்லாரும் காய்ச்சலில் விழுந்தார்கள். அவள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

ஏன்? மாதக்கணக்கில் தன் ரத்தத்தையே சோதித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தால் கணவன்மேல் எரிந்து விழுந்தாள்.

"வேற வழியில்ல. நாளைக்கு மறுபடியும் கொசுக்கடி வாங்கப்போறேன்."

அவன் முகம் வெளிறியது. "வேண்டாம்மா. போன தடவை நான் தினமும் குடுத்தது சத்து மாத்திரை இல்ல. மலேரியா மாத்திரை."

"என் ஊசிமேல அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?"

"நீ இல்லாம இருந்துடுவேன்னு என்மேலதான் நம்பிக்கை இல்ல."