பின்மண்டை

தோண்டுகோல் எதிலோ பட்டு நின்றது.

"என்னடி, கல்லா?" என்றாள் தலாசி. வான்கோழி இறகுப் போர்வையில் சுற்றிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குப்பைமேட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நேற்று மதியமே மூச்சை விட்டுவிட்டது.

ஹேயா கையால் மண்ணை அள்ளிப் போட்டாள். கல் இல்லை. மண்டையோடு.

செம்பாறைப் பள்ளத்தாக்கின் கல்வீட்டுக்காரர்கள் செத்தவர்களை இந்த மேட்டில்தான் புதைப்பார்கள். புதுக்குழி தோண்டினால் பழைய ஆள் யாராவது தலைகாட்டுவது சகஜம்.

"நம்ம ஆளா?"

ஹேயா மண்டையோட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். உருண்டையாக இருந்தது.

கல்வீட்டுப் பிள்ளைகளைப் பிறந்ததுமே பலகையில் கட்டிவிடுவார்கள். நடை பழகும் வரை பலகைதான் தொட்டில். பின்மண்டை சுவர் மாதிரி தட்டையாகிவிடும். சதை போனாலும் அது போகாது. வெளியூர்களிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுக்குத்தான் உருண்டை. ஹேயாவுக்கும் உருண்டை. பிடிபட்ட அன்று விழுந்த அடி அவள் உச்சியில் ஒரு குழியாக ஆறிக் கிடந்தது.

"வெளியாளு" என்றாள்.

"அப்ப தள்ளிப் போட்டுட்டுத் தோண்டு."

தள்ளினாள். முன்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கால்விரல் எலும்புகள் தேய்ந்திருந்தன. மண்டியிட்டு மக்காச்சோளம் அரைத்த கால். யாரோ ஒருத்தி, எறிந்த வாக்கில் குப்புறக் கிடந்திருக்கிறாள். பாய் இல்லை, பக்கத்தில் ஒரு கிண்ணம்கூட இல்லை.

ஹேயாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிடிபட்டதிலிருந்து மூன்று வருஷமாக எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அரைக்கிற அறையில், சோளத்தோகை மேல், அவளுடைய ஐம்பது நாள் பெண்குழந்தை கிடந்தது. தலை இன்னும் இளசு. சில மாதத்தில் இறுகிவிடும். இந்த ஊரில் பிள்ளை தாய்வீட்டுக்குச் சொந்தம். ஹேயாவுக்கு இங்கே வீடு இல்லை. பலகை கேட்டதற்குத் தலாசியின் அக்கா எல்லோர் எதிரிலும் சிரித்தாள்.

"அரைக்க வந்தவ பெத்ததுக்குப் பலகை ஒண்ணுதான் கொறச்சல்!"

குழி தயாரானது. தலாசி பிள்ளையை முழங்கால் மடக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தலைமாட்டில் கறுப்புக் கோடு போட்ட கிண்ணத்தை வைத்தாள். பால் கசிந்து அவள் துணி நனைந்திருந்தது.

மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. பிள்ளையின் பலகை மட்டும் வெளியே கிடந்தது.

"அதை ஒடைச்சுப் போட்டுடு."

ஹேயா உடைக்கவில்லை.

"நான் எடுத்துக்கட்டுமாக்கா?"

"பைத்தியமாடி உனக்கு? செத்த பிள்ளை கிடந்த பலகை. இதுல கட்டினா உம்பிள்ளையும் போயிடும்."

"போனா போகட்டும்க்கா. கிண்ணத்தோட போகும்."

தலாசி தன் நனைந்த துணியைப் பார்த்தாள்.

"இன்னியிலேர்ந்து பால் நான்தான் கொடுப்பேன். எங்க வீட்டுப் பொண்ணா வளரும். நீ தூக்கக் கூடாது."

ஹேயா தலையாட்டினாள். பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தோகையிலிருந்து குழந்தையை எடுத்துக் கிடத்தி, மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று பட்டைகளைக் கட்டினாள். குழந்தை வீறிட்டது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டாள். அழுதுவிடலாம் என்று பார்த்தாள். வரவில்லை.

திரும்பினால் வாசலில் தலாசி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

பால் குடித்துக் குழந்தை அடங்கியது. ஹேயா அரைகல்லின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு விடியல்ல சூரியனுக்குக் காட்டிப் பேர் வைக்கணும்" என்றாள் தலாசி, குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ ஏதாச்சும் பேர் வச்சுக் கூப்பிட்டுக்கிட்டிருந்தியா?"

"இல்லக்கா."

பிறந்த அன்றே வைத்திருந்தாள், தன் பாஷையில். அரைக்கிற சத்தத்தில் யார் காதிலும் விழாமல், ஐம்பது நாளும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.